1985 ஃபோர்ட் எஃப்-250க்கு ஐந்தாவது கியர்

என் வண்டி 1985 ஃபோர்ட் எஃப்-250. ஃபோர் வீல் டிரைவ், 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு கியர். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. 300 கன அங்குலம் என்பதால் எல்லோரும் 300 என்றே சொல்லும் இந்த எஞ்சினை ஃபோர்ட் 1965இல் தொடங்கி 1996 வரை போட்டது. ஏழு மெயின் பேரிங். டைமிங் செயின் கிடையாது, பல்சக்கரத்தோடு பல்சக்கரம் நேராகக் கோத்திருக்கும். 2,000 சுற்றைத் தொடுவதற்குள் இழுவை முழுக்க வந்துவிடும். 3,000க்கு மேல் மிதித்தால் சத்தம்தான் ஏறும்.

சிக்கல் எஞ்சினில் இல்லை, ரோட்டில் இருந்தது. நான் இருப்பது கால்கரியில். எட்மன்டன் வரை இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், அனுமதித்த வேகம் 110. டயர் 235/85ஆர்16, ஒரு சுற்றுக்கு 2.53 மீட்டர் உருளும். 110 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,833 மீட்டர். 2.53ஆல் வகுத்தால் சக்கரம் 725 சுற்று. ஆக்சில் விகிதம் 4.10, பெருக்கினால் எஞ்சின் 2,970 சுற்று. நான்காவது கியர் நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் கியர் இல்லை. இந்த எஞ்சினை மூன்று மணி நேரம் அந்தச் சுற்றில் வைத்து ஓட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சுற்றைக் குறைக்க வழிகள் உண்டு. ஆக்சிலில் கிரவுனும் பினியனும் மாற்றி 3.55க்கு இறக்கலாம். ஃபோர் வீல் என்பதால் முன்னும் பின்னும் இரண்டையும் மாற்ற வேண்டும், அதோடு எல்லாக் கியரிலும் இழுவை குறையும். டிரெய்லர் இழுக்கிற வண்டியில் அதைச் செய்ய மனம் வரவில்லை. ஓவர்டிரைவ், அதாவது வெளித்தண்டு எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும் மேல் கியர், உள்ள கியர் பாக்ஸ் போட்டால் நேர் கியர் அப்படியே இருக்கும், மேலே ஒரு கியர் கூடுதலாகக் கிடைக்கும். 4.10 ஆக்சிலோடு 0.76 ஓவர்டிரைவ் சேர்ந்தால் 3.12 ஆக்சில் போட்டதற்குச் சமம். ஏற்கெனவே 3.08 ஆக்சில் உள்ள வண்டிக்காரர்கள் இந்த வேலையைத் தொடாமலிருப்பதே நல்லது. ஐந்தாவது கியரில் எஞ்சின் திணறும், போட்ட காசு வீண்.

எந்த கியர் பாக்ஸ் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க டிரக்குக்காரர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது என்வி4500. 1990களில் ஜிஎம், டாட்ஜ் டிரக்குகளில் வந்த வார்ப்பிரும்புப் பாக்ஸ், நல்ல பலம். ஆனால் ஃபோர்ட் அதைத் தன் வண்டியில் போட்டதே இல்லை. பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் பெல் ஹவுசிங், அடாப்டர், இன்புட் ஷாஃப்ட் என்று எல்லாவற்றையும் வெளியில் வாங்கிப் பொருத்த வேண்டும். மாஸ்டா செய்த எம்5ஆர்2 எஃப்-150இல் வரும். என் சுமைக்கு அது போதாது. மிச்சம் இருப்பது இசட்எஃப் எஸ்5-42. 1987இலிருந்து ஃபோர்ட் தன் கனரக டிரக்குகளில் போட்ட ஜெர்மன் வடிவமைப்பு. அலுமினியக் கூடு, பெல் ஹவுசிங்கும் கூட்டோடு ஒரே வார்ப்பு.

அந்த ஒரே வார்ப்புதான் வாங்கும்போது கவனிக்க வேண்டியது. பெல் ஹவுசிங்கைத் தனியாக மாற்ற முடியாது என்பதால், தவறான எஞ்சினுக்கான இசட்எஃப் வாங்கினால் திருத்த வழியே இல்லை. டீசலுக்கு ஒரு போல்ட் அமைப்பு, 460 வி8க்கு வேறொன்று, 300க்கும் 302, 351 விண்ட்சர் வி8களுக்கும் பொதுவாக மூன்றாவது ஒன்று. எனக்கு வேண்டியது மூன்றாவது. 2-வீல் டிரைவ் பாக்ஸும் ஆகாது. 4-வீல் பாக்ஸில்தான் பின்பக்கம், முன் பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உட்காரும் முகம் இருக்கும்.

பழைய வண்டி உடைக்கும் யார்டுகளில் தனிப் பாக்ஸாகத் தேடுவதை விட்டுவிட்டு முழு வண்டியாகத் தேடினேன். இந்த வேலையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: பாக்ஸை வாங்காதீர்கள், செட்டை வாங்குங்கள். எனக்குக் கிடைத்தது பண்ணையில் துருப்பிடித்துக் கிடந்த 1990 எஃப்-250, அதே 300 எஞ்சின். இசட்எஃப், அதன் பின்னால் போர்க்-வார்னர் 1356 டிரான்ஸ்ஃபர் கேஸ், பாக்ஸை அடியில் தாங்கும் கிராஸ்மெம்பர், கிளட்ச் ஃபோர்க், ஃபிளைவீல், பிளாக் பிளேட், லீவர்கள், தரைத் தகடு, இரண்டு ஜாயிண்ட் ஷாஃப்ட் எல்லாம் அதிலேயே இருந்தன. ஸ்பீடோமீட்டர் கேபிள் வகை. 1992 முதல் வந்தவற்றில் எலக்ட்ரானிக், என் 1985 டேஷ்போர்டோடு அது பேசாது.

பாக்ஸைப் பெஞ்சில் வைத்ததும் முதல் வேலை விகிதத்தைச் சரிபார்ப்பது. எஸ்5-42இல் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முதல் கியர் 5.72, டீசலுக்குப் போட்டதில் 4.14. வெளியே பார்த்தால் கூடு ஒரே மாதிரி. அவுட்புட் ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு, இன்புட் ஷாஃப்டில் ஒரு கோடு. முதல் கியரில் தள்ளி, இன்புட்டைக் கையால் சுற்றி எண்ண வேண்டும். அவுட்புட் கோடு ஒரு முழுச் சுற்று வருவதற்குள் இன்புட் ஐந்தே முக்காலுக்குச் சற்றுக் குறைய வந்தால் அகல விகிதம்; நான்கைக் கொஞ்சம் தாண்டி நின்றால் மற்றது. என்னுடையது ஐந்தே முக்காலை ஒட்டி வந்து நின்றது. ஐந்தாவதில் போட்டுச் சுற்றினால் இன்புட் ஒரு சுற்றுக்கு அவுட்புட் ஒன்றேகாலைத் தாண்டும். அது தாண்டுவதைக் கண்ணால் பார்ப்பது தனி சந்தோஷம், மொத்த வேலையும் அதற்காகத்தானே.

பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்தேன். சாம்பல் நிறத்தில் மைபோல வந்தது. அது இயல்பான தேய்மானம். பித்தளைத் துகள் மின்னினால் கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையம் போகிறது என்று அர்த்தம், இரும்புச் சில்லு வந்தால் பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும். இரண்டும் இல்லை. சீல்களை மட்டும் மாற்றினேன்.

டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துத்தான் பார்த்தேன், அதற்குக் காரணம் உண்டு. 1356இன் கூடு மக்னீசியம், உள்ளே பின்பக்கம் ஓர் ஆயில் பம்ப். பம்ப் சுற்றாமல் பிடித்து நிறுத்தும் காது கூட்டின் மேல் சாய்ந்து நிற்கும். வருடக்கணக்கில் ஆடி ஆடி அந்த இடம் தேயும், கடைசியில் கூட்டில் ஓட்டையே விழும். என் கேஸில் காது பட்ட இடத்தில் பளபளப்பு இருந்தது, பள்ளம் இல்லை. செயினும் தொய்யவில்லை. மூடிவிட்டேன்.

பழையதை இறக்குவது பற்றி எழுத அதிகம் இல்லை. என் பழைய நான்கு கியர் பாக்ஸான என்பி435 முழுக்க வார்ப்பிரும்பு. டிரான்ஸ்ஃபர் கேஸைத் தனியாகக் கழற்றிவிட்டுப் பிறகு பாக்ஸை இறக்கினால் ஜாக்கின் மேல் ஆட்டம் குறையும். எதிரில் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் வெளியே வந்த கையோடு கிராங்கின் பின் சீலையும் பைலட் பேரிங்கையும் மாற்றிவிட வேண்டும். பாக்ஸை ஏற்றிய பிறகு அந்தச் சீல் கசிந்தால் மொத்தத்தையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

ஃபிளைவீல் விஷயத்தில் கவனம். பாக்ஸ் எடுத்த என் டோனர் வண்டியும் 300 என்பதால் அதன் ஃபிளைவீலைக் கடைசல் போட்டு அப்படியே மாட்டினேன். வி8 டோனரிலிருந்து பாக்ஸ் எடுப்பவர்கள் அதன் ஃபிளைவீலை ஆறு சிலிண்டரில் போடக் கூடாது. 302, 351 எஞ்சின்களுக்கு ஃபிளைவீலின் ஒரு பக்கம் எடை கூட்டிச் சமன் செய்திருப்பார்கள். 300க்கு அந்தக் கூடுதல் எடை வேண்டாம். போட்டால் எஞ்சினே உதறும். எஞ்சினுக்கும் பெல்லுக்கும் நடுவில் வரும் மெல்லிய பிளாக் பிளேட்டும் முக்கியம். ஸ்டார்ட்டர் மோட்டார் உட்காரும் இடத்தை அந்தத் தகட்டின் துளைதான் பிடித்து வைக்கிறது. எஞ்சினின் பின்முகத்தில் இருக்கும் இரண்டு டவல் முளைகளையும் துருவெடுத்து லேசாக எண்ணெய் தடவினேன். பாக்ஸை நேராக நிறுத்துவது அந்த முளைகள்தான், போல்ட்கள் இறுக்குவதற்கு மட்டும். பெல் கடைசி விரல் அகலத்தில் நின்றுவிட்டால் போல்ட்டை முறுக்கி இழுக்கக் கூடாது. அலுமினியக் காது உடையும். கோணம் சரியானால் தானாகவே போய் உட்காரும்.

உட்கார்ந்தது. இனிமேல்தான் அளவு வேலை.

புதிய பாக்ஸில் டிரான்ஸ்ஃபர் கேஸ் பழைய இடத்தைவிடப் பின்னால் தள்ளி நிற்கிறது. ஆகவே கிராஸ்மெம்பரும் பின்னால் போக வேண்டும். டோனரின் கிராஸ்மெம்பர் என் சேஸிக்கு அகலத்தில் பொருந்தியது, துளைகள்தான் புதிதாகப் போட வேண்டியிருந்தது. சேஸியில் துளை என்றால் நடுச்சுவரில் மட்டும். மேல், கீழ் மடிப்புகளில் துளை போட்டால் சுமையில் அங்கேதான் விரிசல் கிளம்பும். கிரேடு 8 போல்ட், தட்டை வாஷர், லாக் நட்.

போல்ட்டை முழுக்க இறுக்குவதற்கு முன் கோணம் பார்த்தேன். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும்; ஜாக்கில் தூக்கி வைத்து எடுக்கும் அளவு எதற்கும் ஆகாது, பின் ஸ்பிரிங் பட்டை தொங்கிவிடும். கோணமானியை டிரான்ஸ்ஃபர் கேஸ் யோக்கில் ஒரு முறை, பின் ஆக்சில் பினியன் யோக்கில் ஒரு முறை வைத்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் ஷாஃப்டின் ஒரு முனையில் வரும் ஏற்ற இறக்கச் சுழற்சியை மறுமுனை ஈடுகட்டும். என் அளவில் இரண்டுக்கும் நடுவில் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம். மவுண்ட்டுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்துப் பாக்ஸின் வாலைத் தூக்கியதும் ஒரு டிகிரிக்குள் வந்தது. அதன் பிறகே ஷாஃப்டுகளை அளந்தேன். யு-ஜாயிண்ட் மையத்திலிருந்து மையம் வரை அளந்து, ஸ்லிப் முனை உள்ளே போய்வர ஓர் அங்குலம் இடம் விட்டேன். பின் ஷாஃப்டைக் குட்டையாக்கவும் முன் ஷாஃப்டை நீளமாக்கவும் வேண்டும். இதை வீட்டில் வெல்டிங் செய்யாதீர்கள். ஷாஃப்ட் வேலை மட்டுமே செய்யும் பட்டறையில் கொடுத்து, பேலன்ஸ் போட்டே வாங்குங்கள்.

கேபின் தரையில் லீவர் வரும் இடம் பின்னால் நகர்ந்திருந்தது. டோனரின் தரைத் தகட்டை வைத்துக் கோடு போட்டு வெட்டி, விளிம்பை மடித்து, ரப்பர் உறையோடு முடுக்கினேன். அரை நாள் வேலை, சொல்லும்படி ஒன்றுமில்லை.

எல்லாம் கோத்து, கிளட்ச் லைனில் காற்று எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று பல் உரசுகிறது. முதல் கியரும் இறுகித்தான் விழுகிறது. எஞ்சினை நிறுத்தினால் எல்லாக் கியரும் வெண்ணெய்போல விழுகிறது. உதவிக்கு வந்த நண்பர் இங்கே கனரக வாகன மெக்கானிக், தூத்துக்குடிக்காரர். "சிங்க்ரோ போயிருக்கும்ணே, இறக்கிரலாம்" என்றார். எனக்குச் சம்மதமில்லை. சிங்க்ரோ போயிருந்தால் ஓட்டத்தில் மேல் கியர் மாற்றும்போதுதான் முதலில் தெரியும். நிற்கும் வண்டியில் முதல் கியரும் ரிவர்ஸும் சேர்ந்து அடம்பிடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அவரை உள்ளே உட்காரவைத்து நான் வண்டிக்கு அடியில் போனேன். கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் ராடின் பக்கத்தில் இரும்பு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, "அமுக்குங்க தம்பி" என்றேன். ராடு 9 மில்லிமீட்டர்தான் நகர்ந்தது. இந்த அமைப்புக்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 13, 14 மில்லிமீட்டர் வர வேண்டும். ஆயில் கசிவு இல்லை, காற்றும் இல்லை. அப்போ மீதி நகர்வு எங்கே போகிறது?

பானட்டைத் திறந்து, பெடல் அமுக்கும் மாஸ்டர் சிலிண்டரைப் பார்த்தபடி, "இன்னொரு தடவை, மெதுவா" என்றேன். பெடல் இறங்க இறங்க மாஸ்டர் சிலிண்டர் தன் இடத்திலிருந்து முன்னால் வந்தது. அது மாட்டியிருக்கும், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலான பயர்வால் தகடே வீங்கி எழுந்து, பெடலை விட்டதும் டப்பென்று உள்ளே போனது. பக்கத்தில் விரலை வைத்தால் தகட்டில் பெயிண்ட் வெடித்த கோடு தட்டுப்படுகிறது. இந்தத் தலைமுறை ஃபோர்ட் டிரக்குகளில் இது தெரிந்த நோய். ஹைட்ராலிக் கிளட்ச்சின் தள்ளு விசை முழுக்க ஒரு மெல்லிய தகட்டின் மேல் விழுகிறது, வருடங்கள் போகப் போகத் தகடு சோர்ந்து விரிசல் விடுகிறது. பழைய கிளட்ச்சுக்கு மிச்சம் இருந்த நகர்வு போதுமானதாக இருந்திருக்கிறது, புதிய பிரஷர் பிளேட்டுக்குப் போதவில்லை.

அடுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். பெடலின் குறுக்குத் தண்டு பிளாஸ்டிக் புஷ்ஷில் சுழல்கிறது. அந்தப் புஷ் பாதி காணோம். தண்டைக் கையால் பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் தளதளவென்று ஆடுகிறது. காணாமல் போன நகர்வில் அந்தப் புஷ் தின்பது பாதி, பயர்வால் தின்பது மீதி.

திருத்தியது இப்படி: பெடல் பெட்டியை முழுக்கக் கழற்றி, லேத் பட்டறையில் பித்தளை புஷ் கடைந்து போட்டேன். பயர்வாலில் விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, வெல்டிங் வைத்தேன். அதன் மேல் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை உள்ளங்கையைவிடப் பெரிதாக வெட்டி, பயர்வாலின் வளைவுக்குத் தட்டி ஒட்டவைத்து, மாஸ்டர் சிலிண்டர் போல்ட்கள் இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடிக்கும்படி மாட்டினேன். மறுபடி ஸ்கேல். ராடு 14 மில்லிமீட்டர். ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுந்தது. நண்பர் பெடலை நான்கைந்து முறை மிதித்துப் பார்த்துவிட்டு, "நல்லவேளைண்ணே, பாக்ஸ இறக்கல" என்றார். பழைய ஃபோர்டில் இந்த மாற்றத்தைச் செய்ய நினைப்பவர்கள் பாக்ஸ் தேடுவதற்கு முன்பே பானட்டைத் திறந்து, ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். காசில்லாத சோதனை.

ஆயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்பி435க்குக் கெட்டியான கியர் ஆயில். கால்கரியில் ஜனவரியில் மைனஸ் 25 சாதாரணம். அந்தக் குளிரில் கியர் ஆயில் தார்போல இறுகி, முதல் சில கிலோமீட்டருக்கு லீவரை இரண்டு கையாலும் தள்ளுகிற நிலை. இசட்எஃப் எஸ்5-42க்கு ஃபோர்ட் சொன்னது மெர்கான் வகை ஏடிஎஃப், ஆட்டோமேட்டிக் பாக்ஸில் ஊற்றும் மெல்லிய சிவப்பு ஆயில். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அதேதான். குளிரில் காலையில் கியர் விழும் சுகத்துக்காகவே இதைச் செய்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பழக்கத்தில் யாராவது 90 ஆயில் ஊற்றிவிடாமல் இருக்க ஃபில்லர் பிளக்கின் பக்கத்தில் ஏடிஎஃப் என்று பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி ரோடு. 110 கி.மீ. வேகத்தில் 2,970 சுற்று இப்போது 2,260. கேபினில் பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிறது. ஐந்தாவதைவிட எனக்கு அன்றாடம் அதிகம் உதவுவது எதிர்பாராத ஓரிடம்: மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் இருந்த பள்ளம். பழைய பாக்ஸில் மூன்றாவது 1.79, அடுத்தது நேராக 1.00. 2,800 சுற்றில் மாற்றினால் எஞ்சின் 1,560க்கு விழும். பின்னால் டிரெய்லர் இருந்தால் அங்கேயே மூச்சு வாங்கும். இசட்எஃபில் மூன்றாவது 1.61. அதே 2,800இல் மாற்றினால் 1,740இல் வந்து நிற்கிறது, இழுவைக்குள்ளேயே.

இழப்பும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பழைய பாக்ஸின் முதல் கியர் 6.69, பழைய என்பி208 டிரான்ஸ்ஃபர் கேஸில் மெதுவாக ஊர்வதற்கான லோ விகிதம் 2.61, ஆக்சிலோடு சேர்த்து மொத்தம் 71.6. இப்போது 5.72, 2.69, 4.10, மொத்தம் 63. பாறைச் சரிவில் பிரேக் தொடாமல் ஊர்ந்து இறங்குவது முன்பு இன்னும் மெதுவாக இருந்தது. மரக்கட்டை ஏற்றிக் காட்டுப் பாதையில் வரும் என் வேலைக்கு 63 தாராளம். பாறையேறுவதே பொழுதுபோக்கு என்றால் என்பி435ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

கேன்மோர் பக்கம் போகும்போது ஸ்காட் லேக் ஹில் ஏற்றத்தில் டிரெய்லரோடு ஐந்தாவது நிற்காது, நான்காவதுக்கு இறக்க வேண்டும். தெற்கே லெத்பிரிட்ஜ் ரோட்டில், மலையிலிருந்து இறங்கி வரும் சினூக் காற்று எதிரே அடிக்கும் நாளிலும் அப்படித்தான். ஓவர்டிரைவ் எஞ்சினுக்குப் புதுப் பலம் கொடுப்பதில்லை, இருக்கும் பலத்துக்கு ஏற்ற சமதளத்தில் நிதானமாக ஓடவிடுகிறது. 1,700க்குக் கீழே ஐந்தாவதில் வைத்து மிதிக்காதீர்கள். எஞ்சின் உறுமுவது பேரிங்கில் போய் விழும்.

ஸ்பீடோமீட்டர் முதலில் அதிகம் காட்டியது. ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தை ஒரு பல் கூடுதலாக உள்ளதாக மாற்றியதும் சரியானது. கொஞ்ச தூரம் ஓடிய பிறகு கிராஸ்மெம்பர் போல்ட்களையும் யு-ஜாயிண்ட் பட்டைகளையும் மறுபடி டார்க் ரெஞ்சில் பார்த்தேன்; கிராஸ்மெம்பரில் இரண்டு போல்ட்கள் ஆளுக்குக் கால் சுற்று வாங்கின. இரண்டு பாக்ஸிலும் ஆயில் மட்டம் அப்படியே இருக்கிறது. கழற்றிய என்பி435ஐ ரெட் டியர் பக்கம் வைக்கோல் வண்டி ஓட்டும் விவசாயி ஒருவர் வாங்கிப் போனார். அவருக்கு வேண்டியது வயலில் ஆள் நடக்கும் வேகத்தில் போகிற முதல் கியர் மட்டும்.